தரங்கம்பாடியின் திண்ணைப் பள்ளி மாணவர்: சீகன்பால்குவின் தொடக்க நாட்கள்

1705 நவம்பர் இறுதியில் கோபன்ஹேகனிலிருந்து புறப்பட்ட ‘சோபியா ஹெட்விக்’ என்னும் டேனிஷ் கப்பல், நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு சோழமண்டலக் கரைக்கு வந்தது. அதில் வந்த இரண்டு லுத்தரன் குருமார்களும் 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்தார்கள். ஒருவர் சாக்சனி நாட்டுப் புல்ஸ்நிட்ஸ் ஊரைச் சேர்ந்த பர்த்தலோமேயு சீகன்பால்கு, வயது ஏறக்குறைய 24. மற்றவர் அவரைவிடச் சில ஆண்டுகள் மூத்த ஹென்ரிக் புளுட்சோ. இருவரும் ஜெர்மானியர், டென்மார்க் மன்னரின் ஆணையோடு வந்தவர்கள். இருவருக்கும் தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது.

சீகன்பால்குவைத் தமிழுலகம் அச்சோடு சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறது. 1713இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் அச்செழுத்துகள், 1715இல் முழுமையாக அச்சேறிய தமிழ்ப் புதிய ஏற்பாடு, 1716இல் ஹாலேயில் வெளியான அவருடைய தமிழ் இலக்கணம் ஆகியவை பாடநூல்களில் இடம்பெற்றுவிட்டன. அவை யாவும் ஏழு முதல் பத்து ஆண்டுக்கால உழைப்பின் விளைச்சல். விதைப்பு நடந்தது அவர் வந்திறங்கிய முதல் இரண்டு ஆண்டுகளில். அந்தக் காலத்தைக் கூர்ந்து பார்த்தால் ஓர் உண்மை துலங்குகிறது. போதிக்க வந்த இளைஞர் முதலில் மாணவராக வேண்டியிருந்தது; அவரை மாணவராக ஏற்றுச் சொல்லிக்கொடுத்தவர்கள் தரங்கம்பாடித் தமிழர்கள். பிற்காலத்தில் அவர் பெயரில் வழங்கும் பணிகள் பலவற்றின் அடித்தளம் அவர்களுடையது. இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊரும் அதன் ஆட்சியும்

தரங்கம்பாடி டேனியர் உண்டாக்கிய ஊர் அன்று. கடலோரத்தில் இருக்கும் மாசிலாமணிநாதர் கோயில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306இல் எழுந்தது. டேனியர் இங்கே கால்வைத்தது அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு, கடலைப் பார்த்தபடி டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். அந்த நிலத்துக்காக ஆண்டுதோறும் தஞ்சைக்குப் பணம் கட்டிவந்தார்கள். சீகன்பால்கு வந்தபோது தஞ்சையை ஆண்டவர் மராட்டிய மன்னர் ஷாஜி. ஆக, டேனிஷ் ஆளுநர் ஊருக்குள் அதிகாரம் படைத்தவர். ஊருக்கு வெளியே தஞ்சை அரசரின் தயவில் வணிகம் செய்பவர். இந்த இரட்டை நிலையை மனத்தில் கொள்ளாமல் சீகன்பால்குவுக்குக் கிடைத்த வரவேற்பைப் புரிந்துகொள்ள முடியாது.

ஊருக்குள் பல சமயத்தார் நெருங்கி வாழ்ந்தார்கள். கோயில்கள், பள்ளிவாசல், கத்தோலிக்க ஆலயம், ஐரோப்பியருக்காக 1701இல் கட்டப்பட்ட சீயோன் ஆலயம் எல்லாம் சில நிமிட நடைத்தொலைவில் இருந்தன. அலுவலகத்தில் டேனிஷ், படைவீரர்களிடையே ஜெர்மன், ஐரோப்பியரும் உள்ளூராரும் பேசிக்கொள்ளும் இடங்களில் போர்ச்சுக்கீசு, வீடுகளிலும் தெருக்களிலும் தமிழ் என மொழிகளும் தனித்தனி வட்டங்களில் வழங்கின. கடற்கரையில் போர்ச்சுக்கீசியர் செல்வாக்குக் குறைந்து பல்லாண்டுகள் ஆகியும் அவர்கள் மொழி பொதுமொழியாக நீடித்தது. வந்தவர்கள் இருவரும் இதை விரைவிலேயே உணர்ந்தார்கள். புளுட்சோ போர்ச்சுக்கீசில் கவனம் செலுத்தினார்; சீகன்பால்கு தமிழை எடுத்துக்கொண்டார்.

மன்னரின் விருப்பமும் கம்பெனியின் வெறுப்பும்

இந்தியாவுக்குச் சமயப் பணியாளரை அனுப்ப வேண்டும் என்பது டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக்கின் விருப்பம். அரண்மனைப் போதகர் லூட்கென்ஸ் அதற்கு ஆள் தேடினார். டென்மார்க்கில் ஆள் கிடைக்காமல் ஜெர்மனிக்குச் சொல்லியனுப்பினார். ஹாலே நகரில் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே நடத்திய கல்வி நிலையங்களோடும் லுத்தரன் பக்தி இயக்கத்தோடும் தொடர்புடையவர்களிலிருந்து இருவர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். எங்கே அனுப்புவது என்பதே முதலில் முடிவாகவில்லை. மேற்கிந்தியத் தீவுகள், ஆப்பிரிக்கக் கினிக் கரை என்றெல்லாம் பேச்சு நடந்து, கடைசியில்தான் தரங்கம்பாடி என்று தீர்மானமாயிற்று. சீகன்பால்கு சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தவர். உடல்நலக் குறைவால் படிப்பை இடையில் விட்டவர். மொழிப் பயிற்சியோ நாட்டைப் பற்றிய அறிவோ பெற அவருக்கு அவகாசமே இருக்கவில்லை.

தரங்கம்பாடியில் வணிகம் செய்த டேனிஷ் கம்பெனிக்கு இந்தத் திட்டம் பிடிக்கவில்லை. காரணங்கள் பல. சமயப் போதனையால் உள்ளூர் வணிகர்கள் மனம் கோணினால் துணி வாணிகம் பாதிக்கப்படும். தஞ்சை அரசு சினந்தால் ஊருக்கே ஆபத்து. வீடுகளில் வேலை செய்யும் அடிமைகள் கிறிஸ்தவர்களானால் அவர்களை விற்கவும் வாங்கவும் இடையூறு வரும். இவற்றோடு ஐரோப்பியக் கிறிஸ்தவத்துக்குள் நடந்த பூசலும் சேர்ந்தது. ஹாலே பக்தி இயக்கத்தார் மனமாற்றத்தையும் ஒழுக்கத்தையும் வலியுறுத்தியவர்கள்; ஐரோப்பியக் குடியேறிகளின் வாழ்க்கையையே கண்டித்துப் பேசக்கூடியவர்கள். ஆளுநர் ஹாசியஸ் அவர்களை ஐயத்தோடு பார்த்ததில் வியப்பில்லை.

கரையிறங்கிய அன்று நடந்ததைச் சீகன்பால்குவே தம் கடிதங்களில் விவரித்திருக்கிறார். காலையில் போனவர்களை ஆளுநர் பிற்பகல்வரை காக்கவைத்தார். பிறகு அதிகாரிகளோடும் சபைக் குருமார்களோடும் வந்து, எதற்காக வந்தீர்கள் என்று கடுமையாகக் கேட்டார். மன்னரின் ஆணையைக் காட்டியும் மனம் இளகவில்லை. ஆளுநர் பின்னாலேயே நடந்த இருவரும் சந்தைவெளியில் தனித்து நின்றார்கள். மற்றவர்கள் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஒருவர் இரக்கப்பட்டு அழைத்துச் சென்றதால்தான் அன்றிரவு தங்க ஓரிடம் கிடைத்தது.

இந்தக் காட்சியைப் பக்தி நூல்கள் சோதனையில் தேறிய வீரரின் கதையாகத் திரும்பத் திரும்பச் சொல்லிவந்துள்ளன. ஆய்வாளர் சற்று விலகி நின்று படிக்க வேண்டும். அந்தக் கடிதங்கள் ஜெர்மனியிலிருந்த ஆதரவாளர்களுக்கு எழுதப்பட்டவை. அவற்றின் முதல் தொகுதியைச் சீகன்பால்குவின் ஆசிரியராக இருந்த யோவாகிம் லாங்கே 1708இல் பெர்லினில் வெளியிட்டார்; 1709இல் லண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்தது. 1710 முதல் ஹாலேயில் தொடர்ந்து வெளியான அறிக்கைகளும் நன்கொடையாளர்கள் படிப்பதற்காகப் பதிப்பிக்கப்பட்டவையே. எதிர்ப்பின் நடுவே தளராத பணியாளர் என்ற சித்திரம் வாசகர் மனத்தைத் தொடும் என்பதைப் பதிப்பித்தவர்கள் அறிந்திருந்தார்கள். ஆனாலும் ஆளுநரின் பகை கற்பனையன்று. 1708 நவம்பர் முதல் நான்கு மாதங்கள் சீகன்பால்குவை அவர் டான்ஸ்போர்க் கோட்டையில் சிறைவைத்தார் என்பது மறுக்க முடியாத சான்று.

நம் கேள்விக்கு முக்கியமானது அந்தப் பகையின் விளைவு. ஆளுநர் கைகொடுத்து வரவேற்றிருந்தால் சீகன்பால்கு கோட்டை வட்டாரத்திலேயே தங்கியிருப்பார். துபாஷிகளை, அதாவது மொழிபெயர்ப்பாளர்களை, வைத்துப் பேசியிருப்பார். ஐரோப்பியருக்குப் பிரசங்கம் செய்து ஓய்ந்திருக்கவும் கூடும். அதிகாரத்தின் கதவு அடைபட்டதால் அவர் ஊர்மக்கள் நடுவே வீடு பிடித்துக் குடியேற நேர்ந்தது. உதவிக்கு அக்கம்பக்கத்தாரையே நாட வேண்டியிருந்தது. அவருடைய தமிழ்க் கல்வி இந்த நெருக்கடியிலிருந்து பிறந்தது.

மணலில் எழுதிய எழுத்து

அவருக்கு முன்பே ஐரோப்பியர் தமிழ் கற்றிருந்தார்கள். அந்திரிக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்டார். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி துறவிக் கோலம் பூண்டு, சமஸ்கிருதமும் தமிழும் தெலுங்கும் பயின்றார். ஆனால் அந்த அறிவு இயேசு சபையின் கைகளில் இருந்தது. ஜெர்மனியிலிருந்து வந்த லுத்தரன் இளைஞருக்கு இலக்கண நூலோ அகராதியோ கிடைக்கவில்லை. மொழியைத் தொடக்கத்திலிருந்து கற்க அவருக்கு இருந்த ஒரே வழி, ஊர்ப் பிள்ளைகள் கற்ற வழி.

அவரும் புளுட்சோவும் ஒரு முதிய திண்ணைப் பள்ளி வாத்தியாரைப் பிடித்து, அவர் தம் பள்ளிக்கூடத்தையே தங்கள் வீட்டில் நடத்தும்படி ஏற்பாடு செய்துகொண்டார்கள். பிள்ளைகள் வந்து தரையில் உட்கார்ந்தார்கள். சீகன்பால்குவும் அவர்களோடு உட்கார்ந்தார். வாத்தியார் எழுத்தைச் சொல்ல, பிள்ளைகள் கூடவே உரக்கச் சொல்லிக்கொண்டு மணலில் விரலால் எழுதுவார்கள். அவரும் அப்படியே எழுதினார்.

திண்ணைக் கல்வி முறையை நினைத்துப் பார்த்தால் இதன் பயன் விளங்கும். அங்கே கண், காது, நாக்கு, விரல் நான்கும் ஒருசேர வேலை செய்யும். எழுத்தை உச்சரிக்காமல் எழுத முடியாது. ழகரமும் ளகரமும், றகரமும் ரகரமும் காதில் விழுந்து, வாயில் பழகி, விரலில் இறங்கிய பிறகே அடுத்த எழுத்துக்குப் போக முடியும். இருபத்து நான்கு வயதில் வேற்று மொழி கற்பவருக்கு இதைவிடச் சிறந்த ஒலிப் பயிற்சி அமைந்திருக்க முடியாது. புத்தகத்தைப் பார்த்துத் தனியாகக் கற்றிருந்தால் எழுத்தின் வடிவம் பிடிபட்டிருக்கும், பேச்சு பிடிபட்டிருக்காது.

ஆனால் இந்த முறையில் ஒரு குறை இருந்தது. பிள்ளைகள் பள்ளிக்கு வரும்போதே தமிழ் தெரிந்தவர்கள். அவர்களுக்கு எழுத்தறிவு போதும்; பொருள் சொல்ல வேண்டியதில்லை. சீகன்பால்குவுக்கோ எழுத்து தெரிந்தும் பொருள் தெரியவில்லை. வாத்தியாருக்குப் போர்ச்சுக்கீசு தெரியாது. இருவருக்கும் பொதுவான மொழியே இல்லாத நிலையில் கல்வி ஓர் எல்லையைத் தாண்டவில்லை.

அழகப்பன் என்னும் துபாஷி

அந்த எல்லையைத் தாண்ட உதவியவர் அழகப்பன். ஐரோப்பிய ஆவணங்கள் அவரை ‘அலெப்பா’ என்று குறிக்கின்றன. டேனிஷ் கம்பெனியில் தலைமைத் துபாஷியாக வேலை பார்த்தவர். போர்ச்சுக்கீசு, டேனிஷ், ஜெர்மன், டச்சு ஆகிய மொழிகளில் பேசக்கூடியவர். கம்பெனியின் கோபத்துக்கு ஆளாகிப் பதவி இழந்திருந்த அவரை, வந்த சில மாதங்களிலேயே சீகன்பால்கு தம்மிடம் சேர்த்துக்கொண்டார்.

அழகப்பனிடமிருந்து சீகன்பால்கு பெற்றது சொற்பொருள் மட்டுமில்லை. சாதி வழக்கங்கள், திருவிழாக்கள், கோயில் நடைமுறைகள், தஞ்சை அரசியல், கணக்கு வழக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லும் ஆற்றல் அந்த அனுபவசாலிக்கு இருந்தது. பல்லாண்டுகள் இரு தரப்புக்கும் இடையில் நின்று பேசியவர் என்பதால் ஐரோப்பியருக்கு எது விளங்காது என்பதை அவர் அறிந்திருந்தார். பிற்காலத்தில், 1712 முதல் 1714 வரை, தமிழர்களிடமிருந்து கேள்வி–பதில் வடிவில் பெற்ற கடிதங்கள் மொழிபெயர்க்கப்பட்டு ஹாலேக்கு அனுப்பப்பட்டன. பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழர் தம் வாழ்வையும் சமயத்தையும் தாமே விளக்கும் அரிய ஆவணம் அது. அக்கடிதங்களில் பெரும்பாலானவற்றை எழுதியவர் அழகப்பனே என்பது அவற்றைப் பதிப்பித்த குர்ட் லீபாவின் கருத்து.

இந்த உறவுக்கு அழகப்பன் கொடுத்த விலையும் பெரிது. தரங்கம்பாடியில் தொடர்ந்து இருக்க முடியாமல் வெளியேறி, தஞ்சை நாட்டில் சிறைப்பட நேர்ந்தது. மன்னரின் ஆணை கையிலிருந்த சீகன்பால்குவுக்குக் கோபன்ஹேகனில் பரிந்து பேச ஆள் இருந்தார்கள். ஹாலேயில் அவர் கடிதங்களை அச்சிட ஆள் இருந்தார்கள். அழகப்பனுக்கு அப்படி யாருமில்லை. ஒரே பணியில் தோளோடு தோள் நின்ற இருவரில் ஒருவரின் துன்பம் ஐரோப்பா முழுதும் படிக்கப்பட்டது. மற்றவரின் துன்பம் அவர் எழுதிய கடிதங்களின் ஓரத்தில் தங்கிவிட்டது.

ஏடுகளைத் தேடி

ஓராண்டுக்குள் சீகன்பால்கு தமிழில் பேசவும் போதிக்கவும் தொடங்கினார். தொடக்கத்தில் அவருக்குக் கைகொடுத்தவை கத்தோலிக்கர் எழுதிவைத்த தமிழ் நூல்கள். அவற்றின் கோட்பாடுகளை அவர் ஏற்கவில்லை. கிறிஸ்தவச் சமயக் கருத்துகளைத் தமிழில் சொல்வதற்கான சொற்களை அவற்றிலிருந்து எடுத்துக்கொண்டார். பிறகு தமிழ்ச் சமய, இலக்கிய ஏடுகளை நாடினார். ஏடுகள் எளிதில் கிடைக்கவில்லை. எழுத்தர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி உள்நாட்டு ஊர்களுக்கு அனுப்பினார்; கணவரை இழந்த பிராமணப் பெண்களிடமிருந்து வீட்டில் கிடந்த சுவடிகளை விலைக்கு வாங்கச் செய்தார்; கிடைக்காதவற்றைப் படியெடுக்கவைத்தார்.

1709இல் எழுதிய கடிதம் ஒன்றில் தம் அன்றாட வழக்கத்தை அவர் விவரிக்கிறார். காலையில் முன்பு கற்ற சொற்களைத் திரும்பச் சொல்லிப் பார்ப்பார். எட்டு மணி முதல் நண்பகல்வரை, தாம் அதுவரை படித்திராத தமிழ் நூல்களை வாசிப்பார். அருகில் ஒரு முதிய புலவரும் ஓர் எழுத்தரும் இருப்பார்கள். அரிய இடங்களைப் புலவர் விளக்க, புதிய சொற்களை எழுத்தர் குறித்துக்கொள்வார். பிற்பகலில் மீண்டும் வாசிப்பு. இரவில் கண்ணுக்கு ஓய்வு கொடுத்து, வேறொருவர் வாசிக்கக் கேட்பார். நடை கைவரும்வரை சில நூல்களை நூறு முறைகூடப் படித்ததாக எழுதுகிறார். இந்த வழக்கம் தனிமனிதரின் விடாமுயற்சி என்பதோடு நிற்கவில்லை. புலவர், எழுத்தர், வாசிப்பவர், ஏடு தேடிச் செல்பவர் என்று பலர் கூடி உழைத்த சிறு கல்விக்கூடமாகவே அந்த வீடு இருந்தது.

1708இல் அவர் தாம் திரட்டிய நூல்களின் பட்டியலை எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அதன் தமிழ்ச் சமய, இலக்கியப் பகுதியில் மட்டும் 119 நூல்கள். தொல்காப்பியமும் திருக்குறளும் அதில் உண்டு. ஒவ்வொன்றைப் பற்றியும் குறிப்பு எழுதியிருக்கிறார். வில் ஸ்வீட்மனும் ஆர். இலக்குவனும் 2012இல் இப்பட்டியலை விரிவான ஆய்வுடன் பதிப்பித்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழநாட்டுக் கடற்கரையில் எந்தெந்த நூல்கள் புழக்கத்தில் இருந்தன என்பதை அறிய இது முதன்மைச் சான்று.

அதே 1708இல் அவர் மூன்று தமிழ் நூல்களை ஜெர்மனில் மொழிபெயர்த்தார்: நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி. இந்தத் தேர்வு தற்செயலானது என்று எனக்குத் தோன்றவில்லை. மூன்றும் நீதி நூல்கள். திண்ணைப் பள்ளி உலகத்தைச் சேர்ந்தவை. கொன்றைவேந்தனும் உலகநீதியும் பிள்ளைகள் வாய்விட்டுப் பாடம் ஒப்பித்தவை. பிள்ளைகள் நடுவே உட்கார்ந்து கேட்டதைத்தான் அவர் முதலில் தம் நாட்டாருக்குச் சொல்ல விரும்பியிருக்கிறார். ஆனால் அம்மொழிபெயர்ப்புகளை அவர் நாட்டார் உடனே படிக்கவில்லை. 1930இல் டச்சு அறிஞர் காலண்ட் பதிப்பிக்கும்வரை அவை அச்சேறவில்லை.

மாறிய கண்ணோட்டம், மாறாத நோக்கம்

வந்த புதிதில் தாமும் மற்ற ஐரோப்பியரைப் போலவே நினைத்ததாகச் சீகன்பால்கு ஒளிக்காமல் எழுதுகிறார். இம்மக்களின் மொழிக்கு ஒழுங்கான இலக்கணம் இருக்கும் என்றோ, இவர்களிடம் கல்வியும் நீதிமுறையும் இருக்கும் என்றோ அவர் எண்ணவில்லை. ஏடுகளைப் படித்த பிறகு அந்த எண்ணத்தைக் கைவிட்டார். தமிழரின் நீதி நூல்களையும் ஒழுக்க வாழ்வையும் புகழ்ந்து, கிறிஸ்தவர்களே வெட்கப்பட வேண்டிய இடங்கள் உண்டு என்றும் எழுதினார்.

இதை மிகைப்படுத்திவிடக் கூடாது. தமிழ்ச் சமயங்கள் தவறான வழி என்ற நம்பிக்கையை அவர் இறுதிவரை விடவில்லை. மக்களைக் கிறிஸ்தவத்துக்குக் கொண்டுவரவே மொழியைக் கற்றார். மறுப்பதற்காகவே பல நூல்களைப் படித்தார். அவரது அறிவுத் தேட்டத்தையும் சமய நோக்கத்தையும் பிரித்து, ஒன்றை மட்டும் கொண்டாடுவது நேர்மையாகாது. ஆனால் படிக்கப் படிக்க, மறுப்பதற்குத் தேவையான அளவைத் தாண்டி அவர் கற்றார் என்பதும் உண்மை. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதிய பெருநூலை அச்சிட ஹாலே முன்வரவில்லை. வேற்றுச் சமயத்தை ஒழிக்கத்தான் பணியாளர்களை அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்ப இல்லை என்பது பிராங்கேயின் நிலைப்பாடு. அந்நூல் 1867இல்தான் வெளிவந்தது. அனுப்பியவர்கள் எதிர்பார்த்ததைவிட அவர் அதிகமாகக் கற்றுவிட்டார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

முதலில் கேட்டவர்கள்

தொடக்க நாட்களின் வரலாற்றில் இன்னொரு தரப்பும் உண்டு. தரங்கம்பாடி ஐரோப்பியர் வீடுகளில் அடிமைகள் இருந்தார்கள். வறுமையாலும் பஞ்சத்தாலும் விலைக்குப் போனவர்கள் அவர்கள். சீகன்பால்குவும் புளுட்சோவும் எசமானர்களிடம் பேசி, அவர்களை நாள்தோறும் இரண்டு மணி நேரம் பாடத்துக்கு அனுப்பச் செய்தார்கள். 1707 மே மாதம் ஐந்து பேர் சீயோன் ஆலயத்தில் திருமுழுக்குப் பெற்றார்கள். இந்தப் பணியின் முதல் திருமுழுக்கு அது.

அந்த ஐவரும் என்ன நினைத்தார்கள் என்பதை அவர்கள் வாய்மொழியாக நாம் கேட்க வழியில்லை. எசமானரின் அனுமதியோடு வந்தவர்கள் எவ்வளவு தூரம் தம் விருப்பப்படி முடிவெடுத்திருக்க முடியும் என்ற கேள்வியைக் கேட்டாக வேண்டும். அதே சமயம், நாளில் இரண்டு மணி நேரம் வேலையிலிருந்து விலகி உட்கார்ந்து கற்பதும், பெயர்சொல்லி அழைக்கப்படுவதும், ஒரு சபையில் இடம்பெறுவதும் அவர்கள் வாழ்வில் சிறிய விஷயங்களாக இருந்திருக்க மாட்டா. அடிமை முறைக்குள்ளேயே நடந்த இந்தப் பணி அந்த முறையை அப்போது அசைக்கவில்லை. ஆயினும் முன்பு பார்த்த கம்பெனியின் அச்சம், அடிமைகளுக்குப் போதனை என்பதே எசமானர்களை உறுத்தியது என்பதைக் காட்டுகிறது.

1707 ஆகஸ்ட் 14இல் புதிய எருசலேம் ஆலயம் திறக்கப்பட்டது. இரு குருமார்களும் தங்கள் சம்பளத்தைப் போட்டே அதைக் கட்டத் தொடங்கினார்கள். அங்கே தமிழிலும் போர்ச்சுக்கீசிலும் வழிபாடு நடந்தது. அதே காலத்தில் பிள்ளைகளுக்கான பள்ளிகளும் தொடங்கின. சந்தைவெளியில் நிறுத்திவைக்கப்பட்டவர்களுக்கு ஓராண்டு முடிந்த சில வாரங்களில் ஊரில் ஓர் ஆலயமும் மாணவர்களும் இருந்தார்கள்.

வரலாற்றில் விடுபட்ட பெயர்கள்

சீகன்பால்கு 1719 பிப்ரவரி 23இல், 36 வயதில் இறந்தார். அவர் விட்டுச் சென்ற நூல்களின் பரப்பைப் பார்ப்பவர்கள் அதைத் தனியொருவரின் மேதைமையாகவே போற்றிவந்துள்ளார்கள். அவரது உழைப்பில் யாரும் குறைகாண முடியாது. ஆனால் அந்த முதல் இரண்டு ஆண்டுகளை நுணுகிப் பார்த்தபின், அவரது தமிழ்ப் பணி முழுவதும் கூட்டு உழைப்பு என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. முதிய வாத்தியார் இல்லாமல் எழுத்தும் ஒலியும் இல்லை. அழகப்பன் இல்லாமல் பொருள் இல்லை. எழுத்தர்கள் இல்லாமல் ஏடுகள் இல்லை. புலவர் இல்லாமல் அந்த ஏடுகளுக்கு உரையும் இல்லை.

ஐரோப்பியர் தமிழ் கற்ற வரலாறு இதுவரை கற்றவர்களின் வரிசையாகவே எழுதப்பட்டிருக்கிறது. அதே வரலாற்றைக் கற்பித்தவர்களின் பக்கத்திலிருந்து எழுதுவதற்கான சான்றுகள் ஹாலே ஆவணக் காப்பகத்திலும், அங்கிருந்து வெளிவந்த அறிக்கைகளிலும், அழகப்பன் போன்றோரின் கடிதங்களிலும் இருக்கின்றன. அவற்றைத் தமிழில் கொண்டுவந்து, தமிழ்ச் சமூக வரலாற்றின் பகுதியாகப் படிப்பது நம் தலைமுறை ஆய்வாளர்களின் கடமை. திண்ணைப் பள்ளி வாத்தியார்களும் துபாஷிகளும் எழுத்தர்களும் தமிழை உலகுக்கு அறிமுகப்படுத்தியவர்களின் பட்டியலில் இடம்பெற வேண்டியவர்கள். அவர்களைச் சேர்க்காத சீகன்பால்கு வரலாறு பாதி வரலாறுதான்.